ஒரு பலகைக்கு இடம் கேட்டு

முதற் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்க நினைவுக் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கண்காட்சியில் மின்னேரியாக் குடியேற்றம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், 1947 அமைச்சரவை, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் எல்லாம் இருக்கின்றன. 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் அவர் விழுந்து மறையக் காரணமான குதிரைக்கும் ஒரு படம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை மட்டும் காணோம். இந்தியாவிலிருந்து வந்த மலையகத் தோட்டத் தொழிலாளர் வம்சத்தினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய சட்டம் அது. அதற்கு ஒரு விளக்கப் பலகை வையுங்கள்.

சட்டத்தின் பின்னணி நீங்கள் அறியாததல்ல. தோட்டத் தொழிலாளியிடம் அது என்ன கேட்டது என்பதைத்தான் எழுத வேண்டும். தான் இங்கே பிறந்தது போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே தேடுவது?

அடுத்து வந்தது, இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தினர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கான 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் உள்ள ஊருக்குப் போனவர் 12 மாதம் தாண்டித் திரும்பியிருந்தால் கணக்கு அறுந்தது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலைக் காட்டலாம்தான். ஆனால் ஒரு தோட்டத்தில் முத்தையா, அடுத்த தோட்டத்தில் முத்து என்று கணக்கப்பிள்ளை பதிந்திருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று யார் சொல்வது? விண்ணப்பிக்கக் கிடைத்ததோ இரண்டே ஆண்டு. 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது; பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. இதற்கிடையே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்கையும் எடுத்துக்கொண்டது.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 ஆசனங்கள், 1952இல் ஒன்றுமில்லை. அந்த ஏழும் எங்கே போயின என்று ஒரு மாணவி கேட்டால், உங்கள் வழிகாட்டி குதிரைப் படத்தைக் காட்டுவாரோ?

எங்கள் ஆட்களையும் காப்பாற்றச் சொல்லவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி.பொன்னம்பலம் அதே 1948இல் சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதையும் எழுதுங்கள். பெரியவர் கட்டிய குளங்களையும் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றைக் கட்டிய அதே கைதான் இந்தச் சட்டங்களையும் கொண்டுவந்தது. முடிச்சை அவிழ்க்க 1964இல் இந்தியாவுடன் ஓர் ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம், போதாமல் 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். அதற்குள் அவர் மறைந்து 51 ஆண்டாகிவிட்டது.

பலகையில் 1948, 1949இன் மூன்று சட்டங்களின் இலக்கமும் ஆண்டும், மேலே சொன்ன எண்ணிக்கைகளும் வந்தால் போதும். மூன்று மொழியிலும் எழுதி, அமைச்சரவைப் படத்துக்கும் கல்லோயாவுக்கும் நடுவே வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இடம் போதாவிட்டால் குதிரையைக் கொஞ்சம் நகர்த்தலாம்.

இப்படிக்கு,
மலையக வரலாற்று ஆர்வலர்கள்