முன் பிரேக் கட்டை

ரோட்டோருவா, நியூசிலாந்து
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நலம். நீ, அண்ணி, அம்மா, சின்னவன் எல்லோரும் நலம்தானே? தினமும் போனில் பேசுகிறவன் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தான் என்று உனக்குச் சந்தேகம் வரும். வரவேண்டியதுதான். நான் பேசும்போதெல்லாம் அம்மா உன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் இதைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டுவிடு.

சித்திரை வைகாசியில் ஆறு வாரம் வீடியோவில் என் கழுத்துக்கு மேல் மட்டும் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன். கேமரா நன்றாகத்தான் இருந்தது. இடது காறையெலும்பு உடைந்து கை தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்தேன். இப்போது கூடிவிட்டது, மழை நாளில் மட்டும் லேசாக ஒரு குடைச்சல். செலவைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த நாட்டில் விபத்துக்கென்றே அரசு காப்பீடு ஒன்று 1974 முதல் நடக்கிறது. யார் மேல் தப்பு என்று கேட்பதில்லை. தப்பு முழுக்க என்னுடையது என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஊரைப் பற்றி முதலில் இரண்டு வரி. இங்கே இப்போது நடுக்குளிர்காலம். காலையில் புல் மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி. அங்கே சேலத்துக் குகைப் பகுதியில் ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கை பார்க்கக் கூட்டம் நெரிகிற நேரத்தில், நான் இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஊர் முழுக்க அழுகிய முட்டை வாடை. பூமிக்கு அடியிலிருந்து கந்தக வாயு வருகிறது. முதல் வாரம் சோறு இறங்கவில்லை. இப்போது மூக்குக்குத் தெரிவதே இல்லை. நகரத்துப் பூங்காவிலேயே வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், உள்ளே சேறு கொதிக்கிறது. அம்மா கேழ்வரகுக் களி கிண்டும்போது கொப்புளம் வெடித்து ‘புளக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். அதைக் கேட்கவே சில மாலைகளில் அந்தப் பக்கம் போகிறேன்.

ஊரை ஒட்டி வாகரேவாரேவா காடு. 1901ல் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட செம்மரங்கள் ஒரு பக்கம். நம் ஊர்ச் செம்மரம் அல்ல, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் ராட்சத சாதி. மற்றப் பக்கமெல்லாம் வெட்டி விற்பதற்காக வளர்க்கும் பைன். இந்த மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே வெட்டிய ஒற்றையடிப் பாதைகள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். 2006ல் மலை சைக்கிள் உலகப் போட்டியே இங்கு நடந்திருக்கிறது. ஏற்காட்டு எஸ்டேட்களில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதானே. வந்தேறி மரங்களுக்கு அடியில் வந்தேறி மனிதன் சைக்கிள் ஓட்டுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

என்னை இதில் இழுத்துவிட்டவர் எங்கள் மர ஆலையின் மூத்த ஃபிட்டர். மாவோரிக்காரர், இந்த நாட்டுப் பூர்வகுடி, வயது அறுபத்திரண்டு, முழங்கால் இரண்டும் கிரீச்சிடும். சைக்கிள் கடை வீட்டுப் பிள்ளை என்று ஒருநாள் பெருமையடித்துவிட்டேன். “அப்படியா, சனிக்கிழமை வா” என்றார். அவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கோட்டயத்துச் சேச்சி ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், நான் என்று நான்கு பேர். ஏறும்போது நான்தான் கடைசி. நின்று காத்திருப்பார்கள். நான் வந்து சேர்ந்ததும் அவர்கள் ஓய்வு முடிந்துவிடும், உடனே கிளம்பிவிடுவார்கள்; எனக்கு ஓய்வே கிடையாது. இதைப் போல அநியாயம் வேறு இல்லை.

வண்டியைப் பற்றிச் சொன்னால் நீ நம்பமாட்டாய். டயருக்குள் டியூபே இல்லை. உள்ளே ரப்பர் பால் கலந்த ஒரு திரவம் சலசலக்கிறது. முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டையில் உறைந்து தானே அடைத்துக்கொள்கிறது. இங்கே பஞ்சர் ஒட்டிப் பிழைக்க நினைத்தால் நாம் பட்டினிதான். காற்றோ 22 பவுண்டுதான். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறது. நம் கடையில் யாராவது அப்படி ஒரு சைக்கிளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அப்பா கால்மணி நேரம் திட்டியிருப்பார். ஆனால் காரணம் இருக்கிறது. கல்லாக இறுகிய டயர் வேரில் பட்டால் பந்துபோல் எகிறும். தளர்ந்த டயர் வேரைக் கவ்வி உருளும். சீட்டும் அதிசயம்தான். இறக்கம் வந்ததும் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கிவிடுகிறது. பின்னால் பல்சக்கரம் பன்னிரண்டு. பெரியது அண்ணியின் தோசைத் திருப்பியை விட அகலம்.

இனி விழுந்த கதை. பாதைகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை தரம் போட்டிருக்கிறார்கள். இரண்டில் நான் ராஜா. அந்தத் திமிரில் மழை விட்ட மறுநாள் நான்காம் தரத்துப் பாதை ஒன்றில் இறங்கினேன். இடது வளைவு, குறுக்கே இரண்டு ஈர வேர், வேகம் கொஞ்சம் கூடுதல். பயம் வந்ததும் என் கை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். இடது கை இறுகியது. பின் பிரேக். பின் சக்கரம் நின்றது, வேரின் மேல் வழுக்கியது, வண்டி எனக்கு முன்னால் போய்விட்டது, நான் தோளில் இறங்கினேன். சேச்சி எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒடிந்துவிட்டது, இனி அழலாம்” என்றார். ஃபிட்டர் தடத்தைத்தான் பார்த்தார். மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தது. “நின்றுபோன சக்கரம் சக்கரமில்லை, சறுக்குக்கட்டை. முன் பிரேக்கைத் தொடவே இல்லையே, ஏன்?” என்று கேட்டார்.

ஏன் தொடவில்லை என்று தமிழில்தான் பதில் சொல்ல முடியும். “முன் பிரேக்கைத் தொட்டே, தலைகுப்புறப் போயிடுவே.” கோரிமேட்டில் நம் கடை வாசலில் ஒவ்வொரு வாடகை சைக்கிளையும் கொடுக்கும்போது அப்பா சொன்னது. சொன்னதோடு விடவும் இல்லை. சின்னப் பையன்களுக்குப் போகும் வண்டிகளில் முன் பிரேக் கட்டையையே கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்.

கை கூடியபின் ஃபிட்டர் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. கார் நிறுத்தும் வெட்டவெளிக்குத்தான் கூட்டிப்போனார். மூன்று சனிக்கிழமை அங்கேயே. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நில். முழங்கையை வெளிப்பக்கம் மடக்கு. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனி. குதிகாலை இறக்கு. பாரம் காலில் இருக்கட்டும், கையில் வேண்டாம். இப்போது ஒரே ஒரு விரலால் முன் பிரேக்கை மெதுவாகப் பிழி. பிடுங்காதே, பிழி. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டி சுவரில் முட்டியதுபோல் நின்றது, நான் மட்டும் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன்.

யோசித்துப் பார். டவுன் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் கூட்டம் முழுக்க முன்னால்தானே சாய்கிறது? சைக்கிளிலும் அதேதான். பிரேக் பிடித்த கணத்தில் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின் சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பாரமில்லாத சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் என்ன பயன்? வழுக்கத்தான் செய்யும். நிறுத்தும் வலு முன்னால்தான் இருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏற்காட்டு இறக்கம்தான் மனத்தில் ஓடியது. காய்கறி வேன்காரரைக் கெஞ்சி இரண்டு சைக்கிளையும் மேலே ஏற்றிக்கொண்டு போனோமே. கொண்டை ஊசி வளைவு இருபதும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கவேண்டிய இறக்கம். உன் வண்டியில் முன் கட்டை இல்லை. அத்தனை சூட்டையும் பின்னால் இருந்த இரண்டு ரப்பர் துண்டுதான் தாங்கவேண்டும். பன்னிரண்டாவது வளைவில் ரப்பர் கருகும் வாடை வந்தது. நான் ஏதோ லாரி என்று நினைத்தேன். ஒன்பதாவது வளைவில் நீ “பிரேக் பிடிக்கலடா” என்று கத்தினாய். தடுப்புச் சுவரில் உன் முன்பல் இரண்டு போயிற்று. அப்பா உன்னை அடிக்கவில்லை, என்னை அடித்தார். மலைக்குப் போகிறேன் என்று சொல்பவனுக்கு இனி வண்டி கிடையாது என்று பலகை எழுதித் தொங்கவிட்டார். மலையைத்தான் குற்றவாளி ஆக்கினார். கட்டைகள் டப்பாவிலேயே இருந்தன.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நான் யோசித்ததில் பாதி அவர் பக்கம்தான். நம் கடைக்கு வந்த பையன்கள் குரங்குப் பெடல் அடிப்பவர்கள். பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளு என்றால் எங்கே தள்ளுவான்? அந்த நிலையில் முன் பிரேக்கைக் கப்பென்று பிடித்தால் தலைகுப்புறத்தான். அவருக்குத் தெரிந்த சைக்கிளுக்கு, தெரிந்த பையன்களுக்கு, அது சரியான சட்டம். நாம் வளர்ந்த பிறகும் அதை மாற்றாமல் வைத்திருந்ததுதான் பிசகு. அதைச் சொல்ல அவர் இல்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மற்ற வித்தைகளும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். ஈர வேரை நேர்க்குத்தாகக் கடக்கவேண்டும், அதன் மேல் பிரேக்கே கூடாது. கண்ணை வேரில் வைத்தால் வேரில்தான் போய் விழுவோம். எங்கே போகவேண்டுமோ அங்கே பார்க்கவேண்டும். செங்குத்து ஏற்றத்தில் சீட்டின் நுனிக்கு வந்து, நெஞ்சைத் தாழ்த்தி, சின்ன கியரில் நிதானமாக மிதிக்கவேண்டும். இதையெல்லாம் எழுத்தில் படித்துப் பயனில்லை.

நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் சேர்ந்து பாதை வெட்டும் நாளில் நானும் போனேன். மழைத்தண்ணீர் பாதை வழியே ஓடினால் அரித்துவிடும்; அதனால் பாதையை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, தண்ணீரைக் குறுக்கே வழியவிட வேண்டும். தாத்தாவின் தோட்டத்தில் வரப்புக்கு அண்டை வெட்டியவனுக்கு இது என்ன பெரிய வேலை? மண்வெட்டியை நான் பிடித்த பிடியைப் பார்த்து வாத்தியார் தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டார். அன்று ஒருநாள் மட்டும் அவர்கள் எனக்குப் பின்னால் வந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் நண்பர்களோடு நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் கியர் சைக்கிள் ஓட்டுகிறான் என்று அண்ணி சொன்னாள். தடுக்காதே. ஆனால் சில காரியம் நீ செய்யவேண்டும். எஸ்டேட்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சக்கரம்கூடப் போகக்கூடாது. காலையிலும் அந்தியிலும் காட்டெருமை நிற்கும். பார்த்தால் இறங்கி, சத்தம் போடாமல், வந்த வழியே திரும்பட்டும். எந்தப் பிரேக்கும் அதனிடம் செல்லாது. பிறகு அவன் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, முன் பிரேக்கை நீயே பார். கம்பி இழுபடுகிறதா, கட்டை ரிம்மில் முழுக்கப் பதிகிறதா என்று பார். சக்கரத்துக்குக் கோட்டம் எடு. அதன் பிறகு அவனைக் கடை வாசலில் நிறுத்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி ஒரு விரலால் பிழியச் சொல். நூறு தடவை. சலித்துக்கொள்வான், நானும் சலித்துக்கொண்டேன்.

தை மாதம் விடுமுறை கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சேர்வராயன் கோயிலுக்கு மூவரும் சைக்கிளிலேயே போய்வரலாம். மேலே போவதற்கு வேன் வேண்டாம், ஏறியே போவோம். நீ சீட் நுனிக்கு வந்து மிதி, நான் பின்னால் வருகிறேன். இறங்கும்போது பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அம்மாவிடம் எலும்பு விஷயத்தைச் சொல்வதானால் நான் அங்கு வந்து நின்ற பிறகு சொல். இன்னொன்று. கடைப் பரணில் பழைய போக்ஸ் கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், மூடி துருப்பிடித்திருக்கும். அப்பா கழற்றிப் போட்ட கட்டைகள் அதில் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல். ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், எதற்கும் உதவாது. இருந்தாலும் தூக்கி எறிந்துவிடாதே.

அன்புடன்,
உன் தம்பி