அந்த 74ஐ நெனச்சு பயப்படாத பாப்பா

பாப்பா,

நேத்து போன்ல, எனக்கு இருக்கற ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காம அலைபாயற பிரச்சனை) 74 சதவீதம் பரம்பரையா வருமாம், அப்ப என் குழந்தைக்கும் வர 74 சதவீதம் வாய்ப்பு, எனக்கு எதுக்கும்மா குழந்தைன்னு கேட்டு அழுத. அதுக்கு போன்ல பதில் சொன்னா பாதி காதுல விழாது, அதான் எழுதுறேன். ஒரே மூச்சுல படிக்கணும்னு இல்ல, விட்டு விட்டுப் படி.

அந்த நம்பர் பொய் இல்ல, நீ அதைப் புரிஞ்சுக்கிட்ட விதம்தான் வேற. ரெட்டைக் குழந்தைகளை வெச்சு செஞ்ச 37 ஆய்வுகளோட சராசரி அது. ஒரே கரு பிரிஞ்சு பொறந்த ரெட்டையரையும் தனித்தனிக் கருவுல பொறந்த ரெட்டையரையும் ஒப்பிட்டு, ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் தெரியற வித்தியாசத்துல எவ்வளவு ஜீனால வருதுன்னு பாக்கறாங்க. கூட்டத்துக்கான கணக்கும்மா அது, உனக்குப் பொறக்கப்போற ஒரு பிள்ளைக்கான கணக்கு இல்ல. உயரத்துக்கு இதே கணக்கு சுமார் 80 வரும், அதுக்காக நெட்டையான அம்மாவோட பிள்ளை நெட்டையா வர 80 சதவீதம் வாய்ப்புன்னு யாராவது சொல்றாங்களா?

பொதுவா குழந்தைங்கள்ல 100க்கு 5 பேர் அளவுக்கு இது இருக்கு, அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா வாய்ப்பு சில மடங்கு கூடத்தான் செய்யும், இதை உங்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா கூடும்ங்கறது வேற, கண்டிப்பா வரும்ங்கறது வேற. அச்சு அசல் ஒரே டிஎன்ஏ இருக்கற ரெட்டையர்லயே ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லாம இருக்கு.

நான் க்ளாஸ்ல நடத்தின மெண்டல் பட்டாணிதான் உன் மனசுலயும் இருக்குன்னு நெனைக்கறேன், ஒரு ஜீன் ஒரு குணம். 90கள்ல ஆராய்ச்சி பண்ணவங்களும் மூளையில சேதி கடத்தற டோபமைன்ங்கற ரசாயனம் சம்பந்தப்பட்ட டிஆர்டி4, டிஏடி1னு ரெண்டு மூணு ஜீனைத்தான் சுத்திச்சுத்தி வந்தாங்க. அப்புறம் ஜீனோம், அதாவது ஒருத்தரோட மொத்த டிஎன்ஏவையும் அலசற ஆய்வுகள் வந்துச்சு, 2019ல ஏடிஹெச்டி உள்ள 20,000 பேருக்கு மேல பாத்து டிஎன்ஏல இதோட சம்பந்தப்பட்ட 12 இடம் கண்டுபிடிச்சாங்க, அதுல அந்தப் பழைய ரெண்டும் இல்லவே இல்ல. 2023ல 38,000 பேருக்கு மேல பாத்தப்ப அது 27 இடமாச்சு, மொத்தத்துல ஏழாயிரம் சொச்சம் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துதான் இது வருதுன்னு அவங்க கணிப்பு. ஒவ்வொண்ணோட பங்கும் துளியூண்டு. அதுல நிறைய எங்கிட்டயும் இருக்கும், மாப்பிள்ளைகிட்டயும் இருக்கும், ரோட்ல போற யார்கிட்டயும் இருக்கும். உன் ஜீன்ல பாதிதான் பிள்ளைக்குப் போகும், எந்தப் பாதின்னு உன்னாலயும் முடிவு பண்ண முடியாது டாக்டராலயும் முடியாது. இதுல நீ குத்தவாளி ஆகறது எங்கருந்து வந்துச்சு?

எச்சில் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டியே, வேணாம். ஏடிஹெச்டிய எந்த டாக்டரும் ஜீன் டெஸ்ட் வெச்சு முடிவு பண்றதில்ல, சின்ன வயசுல இருந்து எப்படி இருந்தோம்னு விசாரிச்சுத்தான் சொல்றாங்க. அந்தக் காசுக்கு நல்ல டாக்டர்கிட்ட உக்காந்து பேசு.

ஜீன் போக குறைமாசப் பிரசவம், பிறக்கறப்ப எடை கம்மியா இருக்கறது, ஈய நஞ்சு, இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டறதோட சம்பந்தப்பட்டதா சொல்றாங்க. வளர்ப்பு சரியில்லாததால வருதுன்னு யாராவது உன்கிட்ட சொன்னா நம்பாத.

சரி, வந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். நீ அமைதியா உக்காந்து வேற எங்கயோ இருக்கற குழந்தையா இருந்த, குறும்பு பண்ற பையன்களை கவனிச்ச மாதிரி உன்ன யாரும் கவனிக்கல, சோம்பேறின்னு ஒரு பேர் மட்டும் குடுத்தாங்க. உன் பிள்ளைக்கு அது நடக்காது, ஏன்னா அறிகுறி எல்லாம் அனுபவிச்சுத் தெரிஞ்ச அம்மா வீட்லயே இருப்பா. இதை நான் ரொம்பப் பெரிய விஷயமா நெனைக்கறேன்.

குழந்தை வேணாம்னு நீங்க ரெண்டு பேரும் வேற காரணத்துக்காக முடிவு பண்ணா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்த 74க்காக மட்டும் வேணாம்னு சொல்லாத. வேணும்னு தோணுச்சுன்னா ஏடிஹெச்டிக்கு நீ சாப்பிடற மாத்திரைய நீயா நிறுத்திடாத, கர்ப்பத்துக்குத் திட்டம் போடும்போதே டாக்டர்கிட்ட கேட்டு எதைத் தொடரலாம் எதை மாத்தணும்னு முடிவு பண்ணுங்க. கேள்வியெல்லாம் பேப்பர்ல எழுதிட்டுப் போ, நான் கூட இருக்கணும்னா சொல்லு, வந்துடறேன்.

அம்மா