மைனஸ் இருபத்து நான்கிலிருந்து அப்பாவுக்கு

செயின்ட் க்ளவுட், மினசோட்டா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று காலை இங்கே மைனஸ் 24. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம், பயந்துவிடும். குளிர் கொஞ்சம் இருக்கிறதாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

தம்பி போனில் ஒரு விஷயம் சொன்னான். நம்மூர்ப் பெண்கள் பள்ளியில் கபடி சொல்லித்தர உங்களைக் கூப்பிட்டார்களாம். "ஜில்லா டீமை நடத்தினவன், இனிமேல் ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுத் தரவா?" என்று நீங்கள் மறுத்துவிட்டீர்களாம். அன்றிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

போன சனிக்கிழமை இங்குள்ள கல்லூரியின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பையன் கூட்டிப்போனான். தரை முழுக்க பனிக்கட்டி, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர். ஒருவன் முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஆடினாலே மூச்சு வாங்கிவிடும். உடனே வெளியே வருவான், இன்னொருவன் தாவி உள்ளே போவான். யாரை எப்போது இறக்குவது என்று பெஞ்சுக்குப் பின்னால் நின்று கோச் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ரெய்டுக்கு யாரை அனுப்புவது என்று நீங்கள் கண்ணாலேயே சொல்வீர்களே, அது ஞாபகம் வந்தது.

அந்த அரங்கத்துக்கு ஹெர்ப் புரூக்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி கோச்சின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலான தூரத்தில் உள்ள செயின்ட் பால் ஊர்க்காரர். 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து அவரைக் கடைசி நேரத்தில் கழித்துவிட்டார்கள். அந்த அணி தங்கம் வாங்கியதைத் தன் அப்பாவோடு உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தாராம். விடவில்லை. 1964-லும் 1968-லும் ஒலிம்பிக்கில் ஆடினார். இன்சூரன்ஸ் விற்கும் வேலையும் பார்த்திருக்கிறார். 1972-இல் மினசோட்டா பல்கலைக்கழக அணி அவர் கைக்கு வந்தபோது, அது தன் லீகில் கடைசி இடத்தில் கிடந்தது. 1974-லேயே தேசியக் கோப்பை! பிறகு 1976, 1979 என்று இன்னும் இரண்டு.

அடுத்த வருஷம் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அவர்தான் அமெரிக்க அணிக்குக் கோச். இருபது பேரில் ஒன்பது பேர் அவருடைய கல்லூரியில் ஆடியவர்கள். தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்த சோவியத் அணியை 4-3 என்று சாய்த்து, அடுத்து பின்லாந்தையும் வென்று தங்கம் வாங்கினார்கள். இந்த ஊரில் வயதானவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இப்போதும் குரல் தழுதழுக்கிறது.

அதன் பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற பெரிய தொழில்முறை அணி. அதையும் பார்த்துவிட்டு 1986-இல் அவர் எங்கே வந்தார் தெரியுமா அப்பா? இந்தச் சின்ன ஊருக்கு. இங்குள்ள அணி அப்போது மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. தனக்கு ஒரு காலத்தில் கோச்சாக இருந்த ஜான் மாரியூச்சி கேட்டுக்கொண்டதால் வந்தார் என்று இங்கே சொல்வார்கள். இருந்தது ஒரே ஒரு சீசன். அணி தேசியப் போட்டியில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அடுத்து முதல் டிவிஷனுக்கே ஏறியது. 1989-இல் புது அரங்கம் கட்டினார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த க்ரெய்க் டால் பொறுப்பெடுத்து 18 சீசன் நடத்தினார். 2021-இல் இந்த அணி தேசிய இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறது.

என்னைக் கூட்டிப்போன பையனும் கோச்தான். வேறொரு சின்னக் கல்லூரியில் உதவியாளர். சம்பளம் வாடகைக்கே பத்தாது, பகலில் கடையில் நிற்கிறான். ராத்திரி ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டுகிறான். வாரக்கடைசியில் பனியில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஜூனியர் லீகில் ஆடும் பையன்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறான். இங்கே எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்களாம். வாழைப்பழச் சீப்பும் குளுக்கோஸ் பாக்கெட்டும் உங்கள் காசிலேயே வாங்கிக்கொண்டு, பதினான்கு பையன்களோடு டவுன் பஸ்ஸில் நீங்கள் பழனிக்குப் போனதை அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "உன் அப்பா இப்போது எந்த அணிக்குக் கோச்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போங்கள் அப்பா. ஒரு வருஷம் போதும். உங்கள் முட்டி வலிக்கு நீங்கள் ஓட வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். சுண்ணாம்புக் கோட்டைத் தம்பி போடட்டும்.

பிப்ரவரியில் சித்தப்பா மகன் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு விசில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே உருண்டை இல்லாத விசில். எச்சில் பட்டாலும் அடைக்காது, மைதானத்தின் கடைசி வரை கேட்கும்.

உங்கள் அன்பு மகன்