நம் குளத்து வாத்துகளுக்காக ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் பாசன விவசாயிகளுக்கும் வணக்கம்.

தை பிறந்த மறுவாரம், விடிகாலையில் நம் குளத்தின் கீழ்க்கரையில் நின்றிருந்தேன். பனி விலக விலக ஊசிவால் வாத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன. தலை தண்ணீருக்குள், கூர்வால் வானத்தை நோக்கி. இவற்றைப் பார்க்க நாம் கூந்தன்குளத்துக்குத்தான் போவோம். 1994இல் பறவைகள் சரணாலயமான அந்தக் குளத்துப் பறவைகளும் இரைக்குச் சுற்றுவட்டாரக் குளங்களையே நம்பியிருக்கின்றன. இந்த ஆண்டு நம் குளத்தையும் நம்பி வந்திருக்கின்றன.

குளம் பெருகிக் கிடந்தால் மட்டும் வாத்து வந்துவிடாது. ஊசிவாலும் கிளுவை என்னும் சிறு வாத்தும் முழு உடலோடு முங்கி இரை எடுப்பவை அல்ல. கழுத்து எட்டும் தூரம்தான் மேய்ச்சல். அதற்கு மேல் ஆழமானால் அடிச்சேற்றில் கிடக்கும் கோரை விதையும் புழுவும் அவற்றுக்கு எட்டுவதில்லை. முன்பு வண்டல் அள்ளியபோது கரையோரத்தைக் கிணறுபோலச் செங்குத்தாக வெட்டிவிட்டோம். காலை வைத்தால் இடுப்பளவு ஆழம். இம்முறை ஜேசிபி ஓட்டிய தம்பி அதைச் சரிவாக இழைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் இறங்கி நடந்து, சரிவு போதுமா என்று தானே பார்த்துக்கொண்டார். நடுவில் மண்திட்டுகளையும் விட்டுவைத்தார். இன்று அவற்றின்மேல் சீழ்க்கைச் சிறகி வாத்துகள் வெயில் காய்கின்றன. தம்பி, உங்களுக்கு நன்றி.

நீர்பாய்ச்சி அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வது? பிசான நெற்பயிருக்குத் தண்ணீர் விடும்போது மடையை ஒரேயடியாகத் தூக்காமல், நான்கு விரல் அளவு மட்டும் திறந்து வைத்தார். தண்ணீர் மெல்ல இறங்கியதால், நாளுக்கு ஒரு கீற்றுச் சேறு புதிதாக வெளிப்பட்டது. வாத்து மேய்ந்து விலகிய இடத்தில் உள்ளான் பறவைகள் வந்து இறங்கின. கடைமடை விவசாயிகள் முறை வைத்துப் பாய்ச்சச் சம்மதிக்காமல் இருந்தால் இது நடந்திருக்காது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பொறுத்துப்போவது சின்ன விஷயம் இல்லை என்பது, வயல் வைத்திருக்கும் எனக்குத் தெரியும்.

மீன் குத்தகை எடுத்தவர் கீழ்ப்பகுதியில் வலை கட்டவில்லை. பறவைகளை விரட்ட வெடியும் போடவில்லை. அதனால் அவருக்கு நட்டம் உண்டு. அதைத் தெரிந்தே செய்தார்.

கரையில் புல் அறுக்கும் ஆச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்த்திகையில் ஒருநாள் அரிவாள் நீட்டிய இடத்தில் புள்ளிமூக்கு வாத்து ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. புல்லை அப்படியே விட்டு, அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டு, மற்றவர்களையும் அந்தப் பக்கம் வராமல் தடுத்தார். ஏன் ஆச்சி என்று கேட்டதற்கு, பிள்ளைத்தாய்ச்சியை எழுப்பலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். மார்கழியில் அந்தத் தாய், மஞ்சள் நுனி அலகை முன்னே நீட்டியபடி, குஞ்சுகளைச் சம்புப் புல்லுக்குள் அழைத்துப் போனதை ஆச்சியும் நானும் சேர்ந்து பார்த்தோம்.

மேற்குக் கரைச் சீமைக்கருவேலத்தை இப்போது தொட வேண்டாம் என்று கேட்டேன், இளைஞர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அதில் நாரைகள் கூடு வைத்திருக்கின்றன. குஞ்சுகள் பறந்த பிறகு, ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் அழிக்காமல் பகுதி பகுதியாக வெட்டி, அந்த இடத்தில் நாட்டுக்கருவேல் நடுவோம். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற இப்போதே பெயர் கொடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

அன்புடன்,
உங்கள் ஊர் விவசாயி ஒருவன்