பஸ் திரும்ப ஏழு சென்ட்: மே 31-க்குள் பணம் வேண்டும்

ஊர்க்காரர்களுக்கும், மார்த்தாண்டம், நாகர்கோவில், திருவனந்தபுரம், வளைகுடா என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் சாலைக் கமிட்டியின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் ஊருக்கு பஸ் வர வேண்டுமானால் அது வளைந்து திரும்ப இடம் வேண்டும். அதற்காகப் பேசி வைத்த ஏழு சென்ட் ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) மே 31-க்குள் மீதிப் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் அட்வான்ஸ் கொடுத்த 2 லட்சமும் போகும், விளையும் வேறு கைக்குப் போகும்.

பஸ் வர வேண்டிய நம் ஊர் ரோடு நம் தாத்தாமார் போட்டது. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று குலசேகரம் வரை நடந்தே போய்க் கொண்டாடிவிட்டு வந்தவர்கள், அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கல்லும் கலவையும் சுமந்தவர்கள். 115 அடி உயரத்தில் தண்ணீரை ஆற்றைத் தாண்ட வைத்த அந்த வேலையில் நம் ஊர்க் கையும் உண்டு. அவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச் முடிந்து வந்தவர்களும் சேர்ந்து, கூலி வாங்காமல் மண்வெட்டியும் கூடையுமாகச் சானல்கரையை, அதாவது வாய்க்கால் கரையை, வெட்டிப் பாதை ஆக்கினார்கள். எந்த வளைவை யார் வெட்டினார் என்று பெரியவர்கள் இன்றைக்கும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

நம் மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 2011 கணக்கெடுப்பில் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்குத் தமிழ்நாடு முழுக்க 555 பேர் என்றால் இங்கே 1,100-க்கும் மேல். ஆனால் நம் பக்கம் தெருத்தெருவாக வீடு கிடையாது. விளைக்கு ஒன்று, மேட்டில் ரெண்டு, சானல்கரையில் நாலு என்று சிதறிக் கிடக்கிறோம். பஸ் கேட்டபோதெல்லாம் ரோட்டிலிருந்து தெரியும் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு அதிகாரிகள் ஆள் குறைவு என்றார்கள். போன வருஷம் நாமே மேடு ஏறி இறங்கி எண்ணிக் கொடுத்தோம், 214 குடும்பம். அதற்கப்புறம்தான் "சரி, திருப்ப இடம் காட்டுங்கள்" என்று பதில் வந்தது.

சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. நம் வீட்டுப் பெண்கள் மட்டும் ஆட்டோவுக்கு 120 ரூபாய் கொடுக்கிறார்கள். ஐப்பசி மழையில் பிள்ளைகள் ஷூவைக் கவரில் சுற்றிக்கொண்டு வந்து, சானல் படியில் கால் கழுவி, அங்கேயே உட்கார்ந்து சாக்ஸ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒவ்வொருவராக மெயின் ரோட்டுக்கு வாடகைக்குப் போகிறார்கள். இப்படியே போனால் அடுத்த எண்ணிக்கையில் 214 வராது.

கணக்கு இது: நிலம் 5,95,000. பத்திரச் செலவு 55,000. சானல் பக்கம் கட்டும் தடுப்புச் சுவருக்கு, அரசும் ஊரும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் ஊர் போட வேண்டிய மூன்றில் ஒரு பங்கு 3,00,000. ஆக 9,50,000. வசூலானது 6,12,000. குறைவது 3,38,000. பத்திரம் ஊராட்சி பெயரில்தான்.

கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? முதல் பணம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அண்ணன் தந்தது. அந்த வார ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) விற்ற 1,140 ரூபாய் அப்படியே. அந்த நோட்டுகளில் ஒட்டுப்பால் வாடை அடித்தது. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) விற்ற காசைத் தந்த அக்கா, உண்டியலை உடைத்த ஆறாம் வகுப்புப் பிள்ளை, சம்பளம் வந்த அன்றே அனுப்பிய துபாய், மஸ்கட் தம்பிமார், பெயர் போட வேண்டாம் என்ற ரெண்டு பேர், எல்லாருக்கும் கை கூப்புகிறோம். கடவுள் உங்கள் பிள்ளைகளை நன்றாக வைக்கட்டும்.

மனம் நோகாமல் ஒன்று கேட்கிறோம். 87 வீடுகள் இன்னும் ஒரு ரூபாயும் தரவில்லை. கோயில் கொடைக்குச் செண்டை மேளமும் சர்ச் திருவிழாவுக்கு லைட்டும் குறைவில்லாமல் வைத்த கைகள்தான் இவை. வீட்டுக்கு 4,000 வந்தால் முடிந்தது. முடியாதவர்கள் இரண்டு தவணையாகத் தாருங்கள். அதுவும் கஷ்டமென்றால் சுவர் வேலைக்கு இரண்டு நாள் ஆள் வாருங்கள், அதையும் நன்கொடையாகவே எழுதுவோம்.

வங்கிக் கணக்கு விவரம் படிப்பகப் பலகையில் இருக்கிறது. ரசீது உடனே தருகிறோம். ஞாயிறு மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் வரவுசெலவு வாசிக்கிறோம், வந்து கேளுங்கள்.

சாலைக் கமிட்டி