ஓக்கும் அல்ல, ஆஷும் அல்ல: தாஸ்மேனிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்த்துச் சொல்ல உங்கள் தலைநகர் ஹோபார்ட்டில் ஆள் கிடைப்பார்கள்.

தைல மரம் என்றாலே எங்களில் பலருக்கு முகம் சுளிக்கும். நீலகிரியின் புல்வெளிகளை விழுங்கியது உங்கள் தீவிலிருந்து வந்த மரம்தான். சரி, அந்தக் கோபம் தனி. நான் பேச வந்தது அதன் அண்ணன் யூகலிப்டஸ் ரெக்னன்ஸைப் பற்றி, உங்கள் இயற்கைக் காடுகளில் அதை இன்னும் வெட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி. ஆர்வ் பள்ளத்தாக்கின் 'செஞ்சூரியன்' மரத்தை 2008-இல் அளந்தபோது ஏறக்குறைய 100 மீட்டர்! பட்டை நாடா நாடாகத் தொங்கும் அந்த ராட்சதன் கடுகளவு விதையிலிருந்து வந்தவன்.

மரக்கடையில் அதற்கு 'தாஸ்மேனியன் ஓக்' என்று பெயர். வேறிடத்தில் 'மவுண்டன் ஆஷ்'. அது ஓக்கும் அல்ல, ஆஷும் அல்ல. உங்கள் கடலின் 'ரைட்' திமிங்கலத்துக்கும் இதே கதை: மெதுவாக நீந்தும், கரையோரம் வரும், செத்தாலும் மிதக்கும், எண்ணெய் ஏராளம். வேட்டைக்கு 'சரியானது' என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இரண்டுக்கும் பெயர் வைத்தது விற்றவர்கள்தான்.

1804-இல் பாதிரியார் நாப்வுட், ஹோபார்ட்டின் டெர்வென்ட் ஆற்றில் திமிங்கலங்கள் மிகுந்திருப்பதால் படகைக் கரையை ஒட்டியே ஓட்ட வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். சில பத்தாண்டுகளில் ஆறு வெறிச்சோடியது. 1935-இல் உலக அளவில் ரைட் திமிங்கல வேட்டைக்குத் தடை வந்தது. 2010-இல்தான் டெர்வென்ட்டில் மறுபடி ஒரு குட்டி பிறந்தது. மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் உயிருக்கே இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

மரத்தின் கணக்கு இதைவிட நீளம். கிளிகளும் 'பாசம்' (possum) என்னும் மரவாழ் விலங்குகளும் குடியேறும் பொந்து விழ நூறாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் மறுபடி வெட்டினால் பொந்தே கிடையாது. காட்டுத்தீயும் இதைத்தானே செய்கிறது, சாம்பலில்தானே விதை முளைக்கிறது என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். முளைப்பது உண்மைதான். ஆனால் தீ போன பிறகு பட்ட மரங்கள் பொந்தோடு நின்றுகொண்டிருக்கும். லாரி போன பிறகு என்ன நிற்கும்?

85 மீட்டரைத் தாண்டிய மரத்தை 'ராட்சத மரம்' என்று காக்கிறீர்கள், நல்லது. பக்கத்தில் நிற்கும் 70 மீட்டர் மரம் எப்போது 85 ஆவது?

உங்கள் அண்டை மாநிலமான விக்டோரியா 2024 ஜனவரி 1 முதல் அரசுக் காடுகளில் இயற்கை மரங்களின் வணிக வெட்டை நிறுத்திவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவும் அதே ஆண்டில் நிறுத்தியது. உங்கள் தேதி எது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியிலிருந்து ஒரு வாசகன்