லாட் மாறினா பழைய அளவு செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல, அமெரிக்கால ரைபிள் தோட்டாவ வீட்டுலயே நிரப்பிக்கறவங்க பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒருதடவ பவுடருக்கு (தோட்டாக்குள்ள போடற வெடிமருந்து) சரியான அளவு கிடைச்சிட்டா அப்புறம் அதையே காலத்துக்கும் போட்டுக்கலாம்ங்கற மாதிரி ஒரு வரி வந்துச்சே, அத மட்டும் அப்படியே விட மனசு வரல. நான் டெக்சாஸ்ல இருக்கேன், என் 308 வின்செஸ்டர் ரைபிளுக்கு ரொம்ப வருஷமா நானேதான் நிரப்பறேன்.

பவுடர் டப்பால பேரு ஒண்ணுதான், ஆனா லாட் நம்பர் (ஒரு தடவ தயாரிச்ச தொகுதியோட நம்பர்) மாறுச்சுன்னா எரியற வேகமும் கொஞ்சம் மாறும். கம்பெனிக்காரங்க பல பேட்ச்ச கலந்து ஒரே மாதிரி கொண்டுவரத்தான் பாக்கறாங்க, இருந்தாலும் அச்சு அசலா வராது. பழைய டப்பால குண்டு செகண்டுக்கு 2,650 அடி போன அதே பவுடர் எடை, புது டப்பால 2,690 காட்டுச்சு எனக்கு. நாப்பது அடிதானேன்னு தோணும், ஆனா மத்ததெல்லாம் அப்படியே இருக்க வேகம் மட்டும் ஏறுதுன்னா உள்ள பிரஷர் ஏறியிருக்குன்னுதான் அர்த்தம், 308க்கு அமெரிக்கால வச்சிருக்கற உச்சவரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, கார் டயர்ல நாம அடிக்கறது 35. ஏற்கனவே அந்த எல்லைய ஒட்டி நிரப்பறவருக்கு இது விளையாட்டு இல்ல.

தோட்டா ஃபேக்டரில லாட்டுக்கு லாட் டெஸ்ட் பேரல்ல சுட்டு பிரஷர் பாத்துட்டுதான் அளவ முடிவு பண்ணுவாங்க. நம்ம கராஜ்ல அதெல்லாம் ஏது, ஒரு தராசு, வேகம் பாக்க ஒரு குரோனோகிராஃப், அவ்ளோதான். அதனால புது லாட் ஒடச்சா பத்து சதவீதம் கம்மி பண்ணி ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், பழைய வேகம் வந்துடுச்சா அங்கயே நிறுத்திடணும், எடை பழசவிட கம்மியா இருந்தாலும் பரவால்ல. ப்ரைமர் (தோட்டா அடியில பவுடர பத்த வைக்கற சின்ன குப்பி) ஓரம் தட்டையாகறது, போல்ட் (தோட்டாவ உள்ள பூட்டற ரைபிள் பாகம்) தூக்க வராம அடம் பிடிக்கறது இதெல்லாம் தெரியட்டும்னு காத்திருந்தா லேட்டு, அதுக்குள்ள பிரஷர் எங்கயோ போயிருக்கும்.

இன்னொண்ண நிறைய பேர் கவனிக்கறதில்ல. பவுடர் மெஷர்னு பவுடர அளந்து கொட்டற கருவி எடை பாத்து போடாது, கொள்ளளவு பாத்துதான் போடும். புது லாட் கொஞ்சம் அடர்த்தியா வந்திருந்தா செட்டிங்க தொடாமலே கூடுதலா விழும், அதனால தராசுல வச்சு பாத்தே ஆகணும். மூடி சரியா மூடாம கிடந்த பழைய டப்பாவும் அப்படித்தான், காஞ்சு போன பவுடர் வேகமா எரியும். பழைய டப்பா மிச்சத்த தீர்க்கறேன்னு புதுசோட கலக்கறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல.

இந்த தொல்லையே வேணாம்னா ஒரே லாட் நம்பர்ல 8 பவுண்டு டப்பாவா வாங்கிடலாம், தோட்டாவுக்கு 42 க்ரெயின்னு (ஒரு பவுண்டுக்கு 7,000 க்ரெயின்) வச்சா 1,300 தோட்டாவுக்கு மேல வரும்.

அப்புறம், இந்தியால லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். உங்க வாசகர்கள் பெரும்பாலும் அங்கதான் இருக்காங்க, கட்டுரைல அத ஒரு வரி போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர்